போராட்டப் போஸ்டரை லேமினேட் செய்யாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. உறையைப் பிரித்தால் உள்ளே பளபளவென்று லேமினேட் செய்த போஸ்டர். "பத்திரமா இருக்கட்டும்னுதான் செஞ்சேன்" என்கிறார் கொண்டுவந்தவர். அவரைக் கோபிக்க மனம் வரவில்லை, ஆனால் வயிறு எரிகிறது. காகிதப் பாதுகாப்பு என் தொழில்.

பொருளாதார நீதி கேட்டு எழுந்த போராட்டங்களின் ஓவியங்கள் நீடித்து நிற்கவென்று செய்யப்பட்டவை அல்ல. 1968 மே மாதம் பாரிஸில், வேலைநிறுத்தத்தை ஆதரித்து நுண்கலைப் பள்ளியில் இரவு பகலாக ஸ்கிரீன் பிரிண்ட் போட்டார்கள்; கிடைத்தது மலிவுக் காகிதம். 2011 செப்டம்பரில் நியூயார்க் ஸுக்கோட்டி பூங்காவில் ஒரு சதவீதப் பணக்காரர்களுக்கு எதிராக 'நாங்கள் 99 சதவீதம்' என்றவர்கள் அட்டைப்பெட்டியைக் கிழித்து மார்க்கரால் எழுதினார்கள். இரண்டுமே சீக்கிரம் பழுத்துப்போகும் சரக்கு.

சரி, அதற்குத்தானே லேமினேஷன் என்பீர்கள். இல்லை. காகிதத்தைப் பழுக்க வைக்கும் அமிலம் காகிதத்துக்குள்ளேயே இருக்கிறது. மேலே பிளாஸ்டிக் ஒட்டினால் அது வெளியே போய்விடாது. மையை வெளுக்கவைக்கும் வெளிச்சத்தையும் அது தடுக்காது. உருகிய பசை மட்டும் நாருக்குள் இறங்கிவிடும். போன வாரம் அப்படி வந்த ஒரு போஸ்டரின் ஓரத்தில் கத்தி முனையை நுழைத்துப் பிளாஸ்டிக்கை நூலளவு தூக்கினேன். அதில் வரைந்திருந்த முஷ்டியின் சிவப்பு மை பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்தது, அடியில் வெள்ளைக் காகிதம். அத்தோடு நிறுத்திவிட்டேன். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆவணக் காப்பகங்களே இந்தத் தவறைச் செய்தன. அந்தப் படலங்களை எங்கள் துறைக்காரர்கள் இன்னும் கரைத்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செலோடேப்பும் கூடாது. அதன் பசை பழுப்பாகிக் காகிதத்தில் ஊறிவிடும். மடிக்காதீர்கள், அமிலமற்ற தாளுக்கு நடுவில் தட்டையாக வையுங்கள். உறை வேண்டுமென்றால் பாலியெஸ்டர், பிவிசி வேண்டாம். மார்க்கர் எழுத்தையும் ஒளிரும் வண்ணங்களையும் வெயில் படும் சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள். சுவரில் தொங்கத்தான் வேண்டுமென்றால் நகல் எடுத்து மாட்டுங்கள்.

அப்புறம், மழைக்கறை, ஊசித்துளை, கிழிந்த முனை எதையும் சுத்தம் செய்யாதீர்கள். அது தெருவில் நின்றதற்கு அவைதான் சாட்சி. எந்த ஊர்வலம், எந்த நாள், யார் பிடித்திருந்தார் என்று பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள்.

ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டீர்களா? தயவுசெய்து வீட்டில் உரிக்க முயலாதீர்கள். அப்படியே கொண்டுவாருங்கள், திட்டமாட்டேன்.