தீயில் பிழைத்த பனை

சாயல்குடிக்குத் தெற்கே, கடலுக்குப் போகும் வழியில், ஒரு பனங்காடு எரிந்து கிடந்தது. அடிமரத்தைத் தொட்டால் விரலில் கரி ஒட்டியது. ஆனாலும் பல மரங்களின் உச்சியில் பச்சைக் குருத்து நீண்டிருந்தது.

வேம்பின் அடியைச் சுற்றிலும் இப்படிச் சுட்டால் மேல்மரம் பட்டுப்போகும். இலை சமைத்த உணவை வேருக்கு இறக்கும் திசு, பட்டைக்கு அடியில் மெல்லிய வளையமாக இருக்கிறது. அது வெந்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990-களின் இறுதியிலிருந்து பைன் காடுகளைக் காயவைத்த வண்டும் அந்த வளையத்தைத்தான் குடைந்தது. பனையின் அமைப்பு வேறு. வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே பாய்ந்தது மரம் என்று தொல்காப்பியம் பிரித்துவைத்த கணக்கில் பனை புல்தான். நீரும் உணவும் ஓடும் குழாய்க் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடப்பதால் வெளிப்புறம் கருகினாலும் ஓட்டம் நிற்பதில்லை.

பனையின் உயிர் குருத்தில் இருக்கிறது. கிளை இல்லாத மரம். வளரும் நுனி ஒன்றே ஒன்று. பதநீருக்கு ஆண்டுதோறும் ஏறும் மரத்தில் பனையேறி காய்ந்த ஓலையான காவோலையைக் கழித்துவிடுவார். ஏறாத பனையிலோ காவோலை பாவாடைபோல் அடுக்கடுக்காகத் தொங்கும். தரையில் ஓடும் தீ அதைப் பற்றிக்கொண்டு கொண்டைவரை ஏறிவிடுகிறது.

குருத்து வெந்த மரம் மொட்டையாக நிற்கும். ஐப்பசி மழையில் உள்ளே ஊறி, தண்டின் நடுவிலுள்ள மென்மையான சோறு மட்கும். அங்கே காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது. அப்படி விழுந்த ஒரு தண்டைப் பிளந்து பார்த்தேன்: விரல் பருமனில், சுருண்டு படுத்த வெள்ளைப் புழுக்கள். இவை வண்டாகி, இரவில் பறந்து, தீயில் தப்பிய பனைகளின் விரியாத குருத்தைத் துளைக்கும். பின்னர் விரியும் ஓலையில் கத்தரியால் வெட்டியதுபோல் வரிசையாக வெட்டுகள் தெரியும். வண்டு போட்ட ஓட்டையில் கசியும் சாற்றின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிட்டால், அதன் புழுக்கள் மரத்தை உள்ளேயே தின்று முடித்துவிடும்.

ஏறும் ஆள் இருந்தால் ஓட்டையைக் கண்டு, கம்பியால் வண்டைக் குத்தி எடுத்து, மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் கலந்து மட்டை இடுக்கில் வைப்பார். பனையேறிகள் குறையக் குறையத் தீக்கும் வண்டுக்கும் ஒரே வழி திறக்கிறது. ஒரு பனை பாளை விடப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். கருப்பட்டி காய்ச்சும் குடும்பத்துக்கு அது ஒரு தலைமுறையின் காத்திருப்பு.

ஆகவே மழைக்கு முன்பே எரிந்த மொட்டைகளை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். காண்டாமிருக வண்டு எருக்குழியிலும் முட்டையிடும்; அதில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் கலந்தால் அங்கு வளரும் புழுக்களின் உடம்பில் அது முளைத்து அவற்றைக் கொல்லும்.