டிவிடி ஆதரிங்: தமிழில் வட்டு யாப்பு

“இந்த வீடியோவ ஒரு டிவிடில பர்ன் பண்ணித் தர முடியுமா?” சிங்கப்பூரில் கல்யாணம், வளைகாப்பு, பரதநாட்டிய அரங்கேற்றம் எதுவானாலும், படம் பிடித்து முடிந்ததும் வீட்டில் யாராவது இப்படிக் கேட்பார்கள். தொலைக்காட்சிக்குக் கீழே பழைய பிளேயரை இன்னும் வைத்திருக்கும் தாத்தா பாட்டிக்காகத்தான் பெரும்பாலும் கேட்பது. வட்டைப் போட்டதும் திரையில் ஒரு பட்டியல் வர வேண்டும், ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தி வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். கேட்பவர் நினைப்பது இதைத்தான். ஆனால் ‘பர்ன்’ என்ற சொல்லுக்குள் இது எதுவுமே இல்லை. எம்பி4 கோப்பை அப்படியே வட்டில் ஏற்றிக் கொடுத்தாலும் அதுவும் பர்ன்தான். அந்த வட்டு கணினியில் ஓடும். பழைய பிளேயரில் போட்டால் படிக்க முடியவில்லை என்று வரும், அவ்வளவுதான்.

படத்தொகுப்புக்கும் பர்ன் செய்வதற்கும் நடுவே ஒரு வேலை இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் ‘ஆதரிங்’ என்று பெயர். வீட்டில் டிவிடி தயாரிக்க மென்பொருள் தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த நடுவேலையைப் பற்றித் தெரியாமலேயே தேடுகிறார்கள். அதனால் தவறான மென்பொருளில் போய் நிற்கிறார்கள்.

ஆதரிங் என்ன செய்கிறது என்று பார்க்க, கடையில் வாங்கிய ஏதாவது ஒரு பட டிவிடியைக் கணினியில் போட்டு, ஓடவிடாமல் திறந்து பாருங்கள். ‘வீடியோ டிஎஸ்’ என்று ஒரு கோப்புறை இருக்கும். ‘ஆடியோ டிஎஸ்’ என்று இன்னொன்று இருந்தால், அது பெரும்பாலும் காலியாக இருக்கும். முதல் கோப்புறைக்குள் மூன்று வகைக் கோப்புகள். விஓபி என்று முடிபவை படமும் ஒலியும், ஒவ்வொன்றும் ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் போகாமல் துண்டு துண்டாக இருக்கும். ஐஎஃப்ஓ என்று முடிபவை மிகச் சிறியவை. பியுபி என்பவை அந்தச் சிறிய கோப்புகளின் நகல், வட்டில் கீறல் விழுந்தால் கைகொடுப்பதற்காக. அந்தச் சின்ன ஐஎஃப்ஓ கோப்பில்தான் ஆதரிங்கின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. வட்டு சுழலத் தொடங்கியதும் எது முதலில் வர வேண்டும், ஒவ்வொரு அத்தியாயமும் எங்கே தொடங்குகிறது, ஒரு படம் முடிந்ததும் பட்டியலுக்குத் திரும்புவதா அடுத்ததற்குப் போவதா, எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். விஓபி கோப்பை மட்டும் எடுத்து ஓடவிட்டால் படம் ஓடும், வழிதான் இருக்காது.

சரி, ‘ஆதர்’ என்ற சொல் இங்கே எப்படி வந்தது? லத்தீனில் ‘அவுகேரே’ என்றால் வளர்த்தல், பெருக்குதல். அதிலிருந்து ‘அவுக்டோர்’, அதாவது ஒன்றைத் தோற்றுவித்து வளர்ப்பவர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ஆதர்’ ஆனது. ஏலத்தைக் குறிக்கும் ‘ஆக்‌ஷன்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது, விலையை ஏற்றிக்கொண்டே போவதால். கணினி உலகத்துக்குள் இது நுழைந்தது 1960களில், கணினி வழியாகப் பாடம் நடத்தும் முயற்சிகளின்போது. ஐபிஎம் நிறுவனத்தின் ‘கோர்ஸ்ரைட்டர்’ போன்ற மொழிகளில் பாடங்களை அமைத்தார்கள். மாணவர் சரியான விடை சொன்னால் இங்கே போ, தவறினால் அங்கே போ என்று பாதை வகுப்பதுதான் அந்த வேலையின் உயிர். 1987இல் ஆப்பிள் வெளியிட்ட ‘ஹைப்பர்கார்டு’ இதைச் சாதாரணப் பயனாளர் கைக்கும் கொண்டு வந்தது. பிறகு சிடி-ராம், பிறகு டிவிடி. ஆகவே கணினித் துறையில் ஆதரிங் என்றால் எழுதுவது அல்ல. ஏற்கெனவே இருக்கும் படம், ஒலி, எழுத்து ஆகியவற்றைப் பாதை போட்டு இணைப்பது. டிவிடி தன் சொற்களையும் புத்தகத்திடமிருந்தே கடன் வாங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு படமும் ‘தலைப்பு’, அதன் பகுதிகள் ‘அத்தியாயங்கள்’. ஒரு வட்டில் 99 தலைப்புகள் வரை வைக்கலாம்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? ‘எழுதுதல்’ என்றால் குழப்பம், ஏனென்றால் வட்டில் பதிவதையே பலர் ‘ரைட் பண்றது’, எழுதுவது என்கிறார்கள். ‘ஆசிரியம்’ என்றால் சிங்கப்பூரில் யாருக்கும் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். ‘தொகுத்தல்’ படத்தொகுப்பாளருக்கு என்றோ போய்விட்டது. ‘கோப்பு’ நல்ல சொல், கோத்தல் என்ற பொருள் அதில் இருக்கிறது. ஆனால் அதை ஃபைலுக்குக் கொடுத்தாகிவிட்டது. ‘படைப்பாக்கம்’ என்ற சொல்லில் பிழையில்லை. இருந்தாலும் கவிதை எழுதுவதும் படைப்பாக்கம், ஓவியம் வரைவதும் படைப்பாக்கம். இந்த வேலையை அது தனித்துக் காட்டவில்லை.

என் தேர்வு ‘யாப்பு’. யாத்தல் என்றால் கட்டுதல், பிணைத்தல். பள்ளியில் யாப்பிலக்கணம் படித்ததால் செய்யுளுக்கு மட்டும் உரிய சொல் என்று நினைத்துவிடுகிறோம். பழந்தமிழில் அது நூலுக்கும் உரியது, நூலைச் செய்வதை ‘நூல் யாத்தல்’ என்றார்கள். தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளைச் சொல்லும்போது தொகுத்தல், விரித்தல், தொகைவிரி என்று அடுக்கி, நான்காவதாக ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்கிறது. அதர் என்றால் வழி. அங்கே பேச்சு மொழிபெயர்ப்பு நூலைப் பற்றியது. ஆனாலும் ‘அதர்ப்பட யாத்தல்’ என்ற இரண்டு சொற்களும் வழி அமையக் கட்டுதல் என்று நிற்பதைப் பாருங்கள். ஐஎஃப்ஓ கோப்பு செய்யும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. பேச்சில் இவ்வளவு கனம் வேண்டாம் என்றால் ‘கட்டுதல்’ போதும். பாட்டுக் கட்டுகிறோம், மெட்டுக் கட்டுகிறோம், தேக்கா பூக்கடையில் உதிரிப் பூவைச் சரமாகக் கட்டுகிறார்கள். அதேபோல டிவிடியும் கட்டலாம்.

டிவிடி என்பதன் விரிவிலும் ஒரு சிக்கல் உண்டு. முதலில் அதன் நடு எழுத்து வீடியோவைக் குறித்தது. படம் மட்டுமல்லாமல் எந்தத் தரவையும் வைக்கலாம் என்றானதும் பல பயன்களுக்கு உதவுவது என்ற பொருளில் மாற்றிச் சொன்னார்கள். 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோதே இரண்டு விரிவுகளும் புழக்கத்தில் இருந்தன. டிஜிட்டலுக்கு இங்கே ‘மின்னிலக்கம்’ என்பதே பழகிய சொல், அதனால் ‘மின்னிலக்கப் பல்திற வட்டு’ என்று சொல்லலாம். நாள்தோறும் சொல்ல ‘வட்டு’ போதும். குறுந்தகடு, இறுவட்டு இரண்டையும் சிடிக்கே விட்டுவிடலாம். ஆக, ‘டிவிடி ஆதரிங் சாஃப்ட்வேர்’ என்பது ‘வட்டு யாப்பு மென்பொருள்’.

இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு மென்பொருள்களைப் பார்த்தால் தேர்வு எளிதாகிறது. யாப்பில் உங்களுக்கு எவ்வளவு உரிமை கொடுக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. 2001இல் ஆப்பிள் ‘ஐடிவிடி’யைக் கொண்டு வந்தது. அழகான பட்டியல் வார்ப்புகள் அதிலேயே இருந்தன, வீட்டுப் பயனாளருக்கு அது போதுமானது. விண்டோஸ் விஸ்டா, விண்டோஸ் 7 இரண்டின் சில பதிப்புகளிலும் ‘விண்டோஸ் டிவிடி மேக்கர்’ வந்தது. ஒரு வட்டுக்கு 150 நிமிடம் என்ற வரம்போடு, நாலைந்து சொடுக்கில் வேலை முடியும். விண்டோஸ் 8இல் அது காணாமல் போனது. ஆப்பிளும் ஐடிவிடியைக் கைவிட்டது. 2019இல் வந்த ‘கேட்டலினா’ என்ற மேக் இயங்குதளம் பழைய 32-பிட் செயலிகளை ஏற்காததால், பழைய ஐடிவிடியை வைத்திருந்தவர்களுக்கும் வழி அடைபட்டது.

இப்போது வீட்டுக்கு நான் முதலில் சொல்வது ‘டிவிடிஸ்டைலர்’. இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வரும். தோற்றம் சுமார்தான், பழகச் சற்று நேரமும் ஆகும். ஆனால் யாப்பு முழுவதும் உங்கள் கையில். எந்தப் பொத்தான் எங்கே தாவ வேண்டும், பகுதி முடிந்ததும் என்ன நடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் நீங்களே சொல்லலாம். அதன் உள்ளே உழைப்பது ‘டிவிடிஆதர்’ என்ற கட்டளைவரி நிரல். லினக்ஸ் பழக்கம் உள்ளவர்கள் அதையே நேரடியாக ஓட்டுவார்கள். ‘டிவிடி ஃப்ளிக்’ இன்னும் எளிது, கோப்புகளை வரிசையாகப் போட்டால் ஒரு சாதாரணப் பட்டியலோடு வட்டு தயார். பல ஆண்டுகளாக அதற்குப் புதிய பதிப்பு இல்லை, அத்தியாயங்களை நுணுக்கமாக வைக்க விரும்புவோருக்கு நான் சொல்ல மாட்டேன். காசு கொடுக்கத் தயார் என்றால் ஜப்பானிய நிறுவனமான பெகாசிஸின் ‘டிஎம்பிஜிஎன்க் ஆதரிங் ஒர்க்ஸ்’ நல்லது. மூலப்படம் ஏற்கெனவே டிவிடி தரத்தில் இருந்தால், வெட்டிய இடங்களை மட்டும் மறுபடி குறியாக்கிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டுவிடும். நேரமும் மிச்சம், தரமும் குறையாது. நீரோ, சைபர்லிங்க் தொகுப்புகளிலும் யாப்பு உண்டு. ஆனால் வேண்டாத பல கருவிகளோடு சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

யாப்பின் அருமை அரங்கேற்றப் படத்தில்தான் நன்றாகத் தெரியும். புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா, மங்களம் என்று அந்த நிகழ்ச்சிக்கே ஒரு வரிசை உண்டு. அதை அப்படியே பட்டியலில் வைத்தால், தில்லானாவை மட்டும் பார்க்க விரும்பும் அத்தை வர்ணத்தை முழுக்க ஓட்டிக் கடக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தியாயக் குறியை நினைத்த சட்டகத்தில் (ஃபிரேமில்) வைக்க முடியாது. டிவிடி பயன்படுத்தும் எம்பெக்-2 என்ற சுருக்க வடிவில் சட்டகங்கள் குழுக்களாக இருக்கும், குழுவின் முதல் சட்டகத்தில்தான் குறி விழும். இங்கே வழங்கும் பிஏஎல் என்ற தொலைக்காட்சி முறையில் ஒரு குழுவில் அதிகபட்சம் 15 சட்டகங்கள், அதாவது 0.6 விநாடி. முதல் தட்டடவு விழும் அதே நொடியில் குறி வைத்தால் அடி பாதியில் தொடங்கலாம். நட்டுவாங்கத் தாளம் எழுவதற்கு ஒரு விநாடி முன்னால் வைத்துவிடுங்கள், பிசகாது.

அடுத்தது இடக் கணக்கு. ஒற்றை அடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், விண்டோஸ் கணினி அதைச் சுமார் 4.38 என்று காட்டும். இரண்டு மணி நேரப் படமென்றால் படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து விநாடிக்கு ஏறத்தாழ 5.2 மெகாபிட் கிடைக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும். மூன்று மணி நேரத்தை அதே வட்டில் திணித்தால் 3.5 மெகாபிட்தான். பேச்சு மேடைக்கு அது பரவாயில்லை. நாட்டியத்தில் சுழற்சி வரும்போது சேலை விசிறி கட்டம் கட்டமாக உடையும். இரண்டு வட்டாகப் பிரியுங்கள், இல்லையென்றால் 8.5 ஜிகாபைட் இரட்டை அடுக்கு வட்டு வாங்குங்கள். ஒலியைச் சுருக்காத பிசிஎம் வடிவில் வைக்கும் மென்பொருளானால் அமைப்பை மாற்றி ஏசி-3 என்ற சுருக்கிய வடிவாக்கிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பிசிஎம் ஒலி மட்டுமே 1.4 ஜிகாபைட்டை விழுங்கிவிடும்.

பட்டியலில் தமிழ் எழுத்து வேண்டும் என்பவர்கள் மென்பொருளை நம்புவதற்கு முன் ‘தோடயமங்களம்’ என்று தட்டிப் பாருங்கள். எழுத்துகளைச் சேர்த்து அமைக்கத் தெரியாத நிரலில், தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய் நிற்கும். அப்படியானால் பட்டியலைப் படமாகவே செய்துகொள்வதுதான் வழி. அகலத்திரைக்கு 1024க்கு 576 என்ற அளவில் வேறொரு செயலியில் எழுத்தோடு வரைந்து, 720க்கு 576 ஆகச் சுருக்கிப் பின்னணியாகக் கொடுங்கள். பொத்தான்களை மட்டும் அதன் மேல் எழுத்தில்லாமல் வையுங்கள். வசன வரிகளுக்கும் இதே கவனம் தேவை. டிவிடியில் அவை எழுத்துகளாக இல்லாமல் நான்கே நிறமுள்ள சிறு படங்களாகப் பதிவாகின்றன. மெல்லிய எழுத்துரு போட்டால் சுழிகள் பிசிறடிக்கும், தடித்ததாகத் தேர்ந்தெடுங்கள்.

சிங்கப்பூர், மலேசியா, இந்தியா எல்லாம் பிஏஎல் நாடுகள், விநாடிக்கு 25 சட்டகம். திட்டத்தைத் தொடங்கும்போதே மென்பொருள் இதைக் கேட்கும். கைப்பேசியில் எடுத்த படம் பெரும்பாலும் 30 சட்டகம், அதை 25 ஆக்கினால் அசைவு தட்டித் தட்டிப் போகும். அந்தப் படத்துக்கு, விநாடிக்கு ஏறத்தாழ 30 சட்டகம் ஓடும் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க முறையை வைப்பதே மேல், இங்கே விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். அமெரிக்காவில் இருக்கும் சொந்தத்துக்கு அனுப்புவதானால் கட்டாயம் என்டிஎஸ்சிதான். எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் மண்டலக் குறியீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கடைப் படங்களுக்குச் சிங்கப்பூர் 3, இந்தியா 5 என்று உண்டு, வீட்டில் கட்டும் வட்டை எல்லா மண்டலத்துக்கும் திறந்தே விடலாம்.

கடைசியாகத்தான் பர்ன். பதிவு வட்டில் உள்ள சாயப் படலத்தை லேசர் சூடாக்கி மாற்றுவதால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் பொருந்துகிறது. தமிழில் ‘எரித்தல்’ என்றால் நெருப்புத்தான் தெரியும், ‘பதித்தல்’ என்போம். யாத்து முடித்ததை நேரே வட்டில் பதிக்காமல், முதலில் ஐஎஸ்ஓ என்ற வட்டு உருவக் கோப்பாகச் சேமித்து, விஎல்சி பிளேயரில் திறந்து எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பாருங்கள். சரியாக இருந்தால் ‘இம்க்பர்ன்’ போன்ற இலவச நிரலில் பதியலாம். இன்றைய மடிக்கணினிகளில் டிவிடி டிரைவ் இருப்பதில்லை, சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் யூஎஸ்பியில் செருகும் டிரைவ் கிடைக்கும். அந்த ஐஎஸ்ஓ கோப்பை அழித்துவிடாதீர்கள். வட்டு கீறிப்போனால் மறுபடி கட்ட வேண்டாம், பதித்தால் போதும்.