பேத்தோஸ்: அவலம் மட்டும்தானா?

'பேத்தோஸ்' என்றால் அவலச்சுவை என்றே பெரும்பாலும் பெயர்க்கிறோம். கவிதை பற்றி எழுத அது போதும், மேடைப்பேச்சுக்குப் போதாது.

கிரேக்கத்தில் 'பாஸ்கெய்ன்' என்றால் பட்டறிதல், துன்புறுதல். பேத்தோஸ் அதிலிருந்து பிறந்தது. நோயியலைக் குறிக்கும் 'பேத்தாலஜி'க்கும் அதுவே வேர். கேட்பவரை இணங்கவைக்கும் வழிகள் மூன்று என்றார் அரிஸ்டாட்டில்: பேசுபவரின் நன்மதிப்பு ஈத்தோஸ், வாதம் லோகோஸ், கேட்பவரின் மனநிலையை மாற்றுவது பேத்தோஸ். உணர்ச்சிகளை ஒவ்வொன்றாக ஆராயும்போது அவர் முதலில் எடுத்துக்கொள்வது சினத்தை. இரக்கம் வெகுநேரம் கழித்துத்தான் வருகிறது.

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியைப் பாருங்கள். சீசரைக் கொன்ற சதிகாரர்களில் ஒருவன் புரூட்டஸ். தன் மானத்தை நம்பச் சொல்லி, கொலைக்குக் காரணமும் சொல்லிவிட்டுப் போகிறான். கூட்டம் ஏற்றுக்கொள்கிறது. அடுத்துப் பேசும் சீசரின் நண்பன் ஆண்டனி, அவருடைய மேலங்கியைக் காட்டுகிறான். நெர்வியர் என்ற இனக்குழுவை வென்ற நாள் மாலையில் அதை அவர் முதன்முதலாக அணிந்தது நினைவிருக்கிறதாம். (வரலாற்றில் அந்தப் போர் கி.மு. 57இல் நடந்தது; ஆண்டனி சீசரின் படைக்கு வந்ததே அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.) பிறகு கிழிசல்களைத் தொட்டுக் காட்டுகிறான்: இது காசியஸின் கத்தி, இது காஸ்கா கிழித்தது, இது புரூட்டஸ் குத்தியது. குத்து விழுந்தபோது ஆண்டனி அங்கே இல்லை. எது யாருடைய குத்து என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஒருவரும் கேட்கவில்லை. அழுதவர்கள் மறுகணமே கொளுத்து, வெட்டு என்று கிளம்புகிறார்கள். சதிகாரன் ஒருவனின் பெயரைக் கொண்டிருந்த பாவத்துக்கு, சின்னா என்ற கவிஞன் அடிபட்டுச் சாகிறான்.

அழுகை சினமாகத் திரும்பும் இந்த இடம் 'அவலம்' என்ற சொல்லுக்குள் அடங்காது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையும் உண்டு, வெகுளியும் உண்டு. ஆனால் மெய்ப்பாடு உணர்ந்தவரிடம் வெளிப்படுவது. பேத்தோஸ் பேசுபவன் செய்யும் வேலை. அதனால் என் தேர்வு 'உணர்ச்சி கிளர்த்தல்'. கிளர்ச்சி என்றால் மன எழுச்சி, கலகமும்கூட. கலகத்துக்குத் தூண்டமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அதைத்தான் மூட்டுகிறான் ஆண்டனி.

சீசரின் உயிலைப் படித்து, ரோமர் ஆளுக்கு 75 திராக்மா காசு என்கிறானே, அது லோகோஸ் ஆகாதா? தோற்றத்தில் சான்றுதான், வேலையில் கிளர்த்தல். நான்காம் அங்கம் தொடங்கியதுமே அதே உயிலைக் கொண்டுவரச் சொல்லி, கொடைகளில் எதை வெட்டலாம் என்று கணக்குப் பார்க்க உட்காருகிறான்.