வாழ்த்து அட்டையில் வண்ணம் ஏன் கோட்டைத் தாண்டுகிறது?

பொங்கல் வாழ்த்து அட்டைகள் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கிய காலம் போய்விட்டது. இப்போது ஒரே கரும்புப் படம் நாற்பது பேரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வருகிறது. அதனால்தானோ என்னவோ, செட்டிநாட்டு ஆத்தங்குடித் தரைக்கல்லில் இருக்கும் பூவை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்துவாங்கி, கனமான தாளில் குத்தி, வாட்டர்கலர் தீட்டி மலேசியாவில் இருக்கும் ஆச்சிக்கு அனுப்பினால் அதற்குத் தனி மரியாதை.

அப்படிச் செய்ய உட்காருகிறவர்களுக்கு முதல் அட்டையிலேயே ஒரு சிக்கல் வரும். ஸ்டாம்ப் அழகாக விழுந்திருக்கும். கோடெல்லாம் கூர்மை. இதழுக்குள் மஞ்சள் தொட்ட தூரிகையை வைத்ததும் கறுப்புக் கோடு கரைந்து வழிய, மஞ்சள் சேறாகிவிடும். கை நடுங்கியதால் வந்த வினை இல்லை இது. காரணம் மையில் இருக்கிறது.

ஸ்டாம்ப் மை பொதுவாக இரண்டு ஜாதி. ஒன்றில் சாயம் நீரில் முழுதாகக் கரைந்திருக்கும். அலுவலகங்களில் பார்க்கும் ஊதா பேடில் இருப்பது பெரும்பாலும் மெத்தில் வயலட் போன்ற சாயம். அதோடு கிளிசரினோ கிளைக்காலோ சேர்ப்பார்கள். அவை காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் பேட் மாதக்கணக்கில் காயாது. ரசீதில் சீல் குத்துகிறவருக்கு அது வசதி. நமக்கு அதுவே வம்பு. தாளில் காய்ந்தது போலத் தெரிந்தாலும், நீர் பட்டவுடன் சாயம் மறுபடி கரைந்து நீரோடு கிளம்பிவிடும். பல கறுப்பு மைகள் இரண்டு மூன்று சாயங்களின் கலவை என்பதால், கசியும்போது ஒரு பக்கம் நீலமும் இன்னொரு பக்கம் செம்மையுமாகப் பிரிந்து ஓடும். பள்ளி ஆய்வகத்தில் வடிதாளில் செய்த குரோமட்டோகிராஃபி தானாகவே நடந்துவிடுகிறது.

இன்னொரு ஜாதி நிறமி மை. நிறமி கரையாது; நுண்ணிய துகள்களாக மிதக்கும். நீர் தாங்கும் மைகளில் இந்தத் துகளோடு ஒரு பிசினும் இருக்கும். காய்ந்தபின் அது இறுகித் துகள்களைத் தாளோடு பிடித்துக்கொள்ளும். பெட்டியில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். துண்டுத் தாளில் குத்தி, நன்றாகக் காயவிட்டு, ஈரத் தூரிகையால் நாலு தரம் தேய்த்துப் பாருங்கள். தேறினால்தான் அட்டைக்கு.

சரி, ரப்பருக்கு வருவோம். பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அதன் நீண்ட மூலக்கூறு இழைகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் விழுந்து, அமுக்கினால் நசுங்கி, கையை விட்டால் பழையபடி நிமிரும் பொருளாகிறது. சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்த வல்கனைசிங் இதுதான். (ரப்பருக்கும் செட்டிநாட்டுக்கும் பழைய உறவு உண்டு. இங்கிருந்து மலாயாவுக்குப் போய் லேவாதேவி செய்த நகரத்தார் பலர் அங்கே ரப்பர் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தார்கள். சிலர் தோட்டங்களுக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள்.) ஸ்டாம்புக்குத் தேவை இந்த நெகிழ்வுதான். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் தாளிலும் மேடு பள்ளம் உண்டு. மெத்தென்ற ரப்பர் அதற்கேற்ப வளைந்து பள்ளத்தையும் தொடுகிறது. ஸ்டாம்பைத் தூக்கும்போது மைப்படலம் நடுவில் இரண்டாகப் பிளந்து ஒரு பங்கு தாளுக்கும் ஒரு பங்கு ரப்பருக்கும் போகும். பலமாகக் குத்தினால் தெளிவாக விழும் என்பது தவறான எண்ணம். அழுத்தம் கூடினால் மை ஓரத்துக்குப் பிதுங்கிக் கோடு தடித்துவிடும். நேராக வைத்து, சீராக அமுக்கி, ஆட்டாமல் தூக்கினால் போதும்.

தாள் வாங்கும்போதுதான் உண்மையான தலைவலி. ஸ்டாம்புக்கு வழவழப்பான தாள் வேண்டும். வாட்டர்கலருக்குக் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் அழகு. சொரசொரப்பான ‘கோல்ட் பிரஸ்’ தாளில் ஸ்டாம்ப் கோடு விட்டுவிட்டு விழும். வழவழப்பான ‘ஹாட் பிரஸ்’ தாளில் கோடு கச்சிதமாக விழும், வண்ணத் துகள் பள்ளங்களில் தங்கித் தெரியும் அழகு குறையும். என்னைக் கேட்டால் அட்டைக்கு ஹாட் பிரஸ்தான். கோடு உடைந்த பூவை எந்த வண்ணமும் காப்பாற்றாது. எடை சதுர மீட்டருக்கு 300 கிராம் இருக்கட்டும். ஜெராக்ஸ் தாள் 70, 75 கிராம்தான்; நீர் பட்டதும் அலை அலையாக நெளியும். தாள் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். ஈரம் குடித்த இழை நீளத்தில் அதிகம் வளராது, குறுக்கே பருக்கும். இயந்திரத்தில் செய்த தாளில் பெரும்பாலான இழைகள் ஒரே திசையில் படுத்திருப்பதால் நெளிவும் ஒரு பக்கமாகவே வரும். தாளை இரு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்தப் பக்கமே அட்டையை மடியுங்கள். மாற்றி மடித்தால் மடிப்பு வெடித்து நார் தெரியும்.

இனி வண்ணம். வாட்டர்கலர் என்பது நிறமித் துகளும் வேலம்பிசினும். ஆப்பிரிக்காவில், குறிப்பாக சூடானில், விளையும் ஒரு வேலமரத்தின் பிசின் அது. நம் ஊர்க் கருவேலம்பிசினுக்கு நெருங்கிய சொந்தம். (சிவகங்கைச் சீமை முழுக்க மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் வேறு இனம். அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.) நீரில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தடுப்பதும், காய்ந்தபின் தாளில் ஒட்டவைப்பதும் இந்தப் பிசின்தான்.

ஒரு சொட்டு நீல வண்ணத்தை உலர்ந்த தாளில் வைத்து, முகத்தை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். முதலில் எங்கும் ஒரே நீலம். சற்று நேரத்தில் நடு வெளிறும். ஓரத்தில் மயிரிழை போல ஒரு அடர்நீலக் கோடு எழும்பும். நாம் வரையாத கோடு. சொட்டின் விளிம்பு தாளைப் பற்றிக்கொண்டு நகர மறுக்கிறது. அங்கே படலம் மெல்லியது, ஆவியாதலும் வேகம். போன நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்புக்கு ஓடுகிறது, போகிற போக்கில் துகள்களையும் அடித்துப் போகிறது. மேசையில் காய்ந்த காபிச் சொட்டைச் சுற்றி வளையம் விழுவதும் இதனால்தான். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினார்கள். பெயரே ‘காபி வளைய விளைவு’ என்று நிலைத்துவிட்டது. இதழோரத்தில் அந்தக் கோடு வேண்டுமென்றால் உலர்ந்த தாளில் தீட்டுங்கள். வேண்டாமென்றால் முதலில் வெறும் நீரால் இதழை நனைத்துவிட்டு வண்ணத்தைத் தொடுங்கள். விளிம்பு ஈரத்தில் கலைந்துபோவதால் துகள் குவிய இடமில்லை.

பாதி காய்ந்த இடத்தில் மறுபடி ஈரத் தூரிகையை வைப்பதுதான் பெரிய ஆபத்து. புது நீர் சுற்றிலும் பரவி, ஏற்கெனவே படிந்த துகளைத் தள்ளிக்கொண்டு போய் முள்முள்ளான ஒரு விளிம்பில் கொட்டும். பார்க்கக் காலிஃபிளவர் போல இருக்கும். இங்கே பருவம் நேரடியாகக் கை வைக்கிறது. சித்திரை வெயிலில் வளவு முற்றத்தில் உட்கார்ந்து தீட்டினால் வண்ணம் பரவுவதற்குள் காய்ந்து தூரிகைத் தடம் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவே காயாது. பொறுமையிழந்து தொட்டால் காலிஃபிளவர்தான். கோடையில் கூரையுள்ள பட்டாலை நிழலுக்கு வந்துவிடுவது நல்லது. மின்விசிறியை நிறுத்துங்கள். அது ஒரு பக்கத்தை மட்டும் சீக்கிரம் காயவைத்துக் கறை போடும்.

வண்ணத்தை ஒரேயடியாகக் கோட்டுக்குள் அடக்க ஒரு வழி உண்டு. ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகைமேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளுக்குள் வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். ஒரு நிறம் இன்னொன்றோடு கலக்காமல் அச்சின் தகட்டுச் சுவர்கள் காக்கும். அட்டையிலும் அப்படி ஒரு சுவர் கட்டலாம். மெதுவாகக் காயும் கிளிசரின் மையில் ஸ்டாம்பைக் குத்தி, ஈரம் இருக்கும்போதே எம்பாசிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். அப்புறம் ஹீட் கன் பிடித்தால், சூட்டில் இளகும் பிளாஸ்டிக்கான அந்தப் பவுடர் உருகி, பரப்பு இழுவிசையால் பளபளப்பான மேடாகத் திரண்டு நிற்கும். அது நீரை ஒட்டவிடாது. தூரிகை கோட்டின்மேல் போனாலும் நீர் முத்து முத்தாகக் கழன்று இதழுக்குள்ளேயே நின்றுவிடும். தலைமுடி உலர்த்தியால் இது ஆகாது. சூடு போதாது, காற்று வேறு பவுடரைப் பறக்கடித்துவிடும்.

காய்ந்த அட்டை லேசாக நெளிந்திருந்தால் பின்பக்கம் சிறிது ஈரம் ஒற்றி, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஒரு இரவு விடுங்கள். எம்பாசிங் செய்த அட்டைக்கு மட்டும் அதிகப் பாரம் வேண்டாம்.

வண்ணம் எவ்வளவு காலம் நிற்கும் என்பது ட்யூபிலேயே எழுதியிருக்கும், அதை வாசிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. அங்கே இருக்கும் நிறமிக் குறியீடு பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின் நீலம், பி.ஆர். 101 என்றால் இரும்பு ஆக்சைடு செங்காவி. இரண்டும் வெயிலுக்கு அசையாதவை. அல்ட்ராமரின் துகள்கள் தாளின் பள்ளங்களில் தங்கி மணல்மணலாகத் தெரியும் அழகும் உண்டு. கண்ணைப் பறிக்கும் ஒளிரும் ரோஜா நிறங்களில் பல, சாயத்தால் ஆனவை. ஒளி அந்த மூலக்கூறுகளின் பிணைப்பைச் சிதைப்பதால் ஜன்னலோரத்தில் வைத்த அட்டையில் முதலில் வெளுப்பது அவைதான். தாமரை வரைவதாக இருந்தால் எளிதில் வெளுக்காத நிறமியான குவினக்ரிடோன் என்று எழுதிய ரோஜாவைக் கேட்டு வாங்குங்கள்.