ஒடுக்கைப் பிடித்துவைப்பது எது?

பைக் ஹேண்டில் இடித்துக் கார் கதவில் ஒடுக்கு விழுந்தால், கண் நேராகப் பள்ளத்தின் நடுவுக்குத்தான் போகும். ஆனால் அந்தப் பள்ளத்தைப் பிடித்துவைத்திருப்பது அதன் கரை. டியூப் லைட் வெளிச்சம் கதவில் கோடாக விழும்படி காரை நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். பள்ளத்துக்குள் அந்தக் கோடு மெதுவாக வளையும். ஓரத்தில் சட்டென்று ஒடியும். அங்கே விரலால் தடவினால் மெல்லிய மேடு ஒன்று தட்டுப்படும்.

கதவுத் தகட்டின் கனம் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர்தான். லேசாக அழுத்தினால் உள்ளே போய்த் தானாகத் திரும்பிவிடும். ஓர் அளவுக்கு மேல் வளைந்தால், உலோகத்தின் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவிப் புது இடத்திலேயே தங்கிவிடும். ஆழமில்லாத அகன்ற ஒடுக்கில் அப்படித் தங்கியது பெரும்பாலும் கரைதான். நடுப்பகுதி திரும்பத் தயாராகவே இருக்கிறது, கரை விடுவதில்லை.

சரி, சக்ஷன் கப் (உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணம்) வைத்து இழுத்தால்? 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கப்பின் பரப்பு சுமார் 78 சதுர சென்டிமீட்டர். காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய 1 கிலோ எடையளவுக்கு அழுத்துகிறது. உள்ளே துளிக் காற்று இல்லாவிட்டாலும் இழுவிசை சுமார் 80 கிலோவைத் தாண்டாது. அகன்ற ஒடுக்குக்கு அது தாராளம். இழுத்துப் பிடித்தபடியே, கரை மேட்டை நைலான் கட்டையால் மெதுவாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். கரை தளர்ந்ததும் நடுப்பகுதி 'டொப்' என்று வெளியே வரும். அவசரப்பட்டு நடுவை மட்டும் பலமாக இழுத்தால் பள்ளம் இருந்த இடத்தில் புடைப்பு வந்துவிடும், அதைச் சரிசெய்வது இன்னும் கஷ்டம்.

கூர்மையாக மடிந்த ஒடுக்கு வேறு கதை. ஒரு கட்டுக்கம்பியை வளைத்து மறுபடி நிமிர்த்திப் பாருங்கள். பழைய வளைவு போகாது, அதன் இரண்டு பக்கமும் புது வளைவுகள் வரும். வளைந்த இடம் இறுகிவிட்டதுதான் காரணம். மடிப்பு விழுந்த தகட்டிலும் இதேதான். பெயின்ட்டும் விரிசல் விட்டிருந்தால் துரு ஏறுவதற்குள் டிங்கரிங் கடைக்குக் கொண்டுபோவதே நல்லது.

ஹேர் டிரையரால் சூடாக்கி உடனே குளிரவைக்கும் வித்தையை இரும்பில் அதிகம் நம்பாதீர்கள். 10 சென்டிமீட்டர் இரும்பு 60 டிகிரி சூடேறினால் நீள்வது 0.07 மில்லிமீட்டர் மட்டுமே. திரும்பும் தறுவாயில் நிற்கும் ஒடுக்கை அது தள்ளிவிடலாம், அவ்வளவுதான்.

பம்பரில் சூட்டுக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. பெரும்பாலான பம்பர்கள் ரப்பர் கலந்த பாலிபுரோப்பிலீன். கொதிநீர் அதை உருக்காது, இளக்கும். இளகிய பிளாஸ்டிக் அச்சில் வார்த்த வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். எங்கள் கார் பார்க்கிங் தூணில் இடித்தபோது இரண்டு கெட்டில் கொதிநீரை ஊற்றிவிட்டு, கனமான கையுறையோடு பின்னாலிருந்து தள்ளினேன். உடனே எழும்பியது. அப்புறம் பச்சைத் தண்ணீர் ஊற்றி இறுகவிட்டேன். கரை இருந்த இடத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு மட்டும் இன்னும் இருக்கிறது. பிளாஸ்டிக் உண்மையிலேயே மடிந்தது அங்கேதான்.