ஃபிங்கர்ஸ்டைல்: விரல்மீட்டல்

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸ் இசையைப் பெரிய உடல் கொண்ட கித்தாரில் ஃபிங்கர்ஸ்டைல் முறையில் வாசிப்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கு கேள்வி. பிக் எனப்படும் சிறு தகட்டைக் கையில் பிடிக்காமல், வலக்கை விரல்களே கித்தாரின் தந்திகளைத் தனித்தனியாகத் தொட்டு ஒலிக்கச் செய்யும் வாசிப்பு முறைக்கு ஃபிங்கர்ஸ்டைல் என்று பெயர். ப்ளூஸ் இசைக்குள் வரும்போது இச்சொல்லின் பொருள் இன்னும் கூர்மையாகிறது. பெருவிரல் தாழ்ந்த சுருதியுள்ள தந்திகளில் தாளத்தை விடாமல் நடத்திச் செல்ல, சுட்டுவிரலும் நடுவிரலும் உயர்ந்த சுருதியுள்ள தந்திகளில் மெட்டை வாசிக்க, ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதுபோல் கேட்கும். இதில் பெருவிரலின் நடை இருவகைப்படும். ப்ளூஸ் கலைஞர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் தாழ்ந்த தந்திகளை மாற்றி மாற்றித் தொட்டார். டெக்சஸைச் சேர்ந்த மான்ஸ் லிப்ஸ்கம்ப், லைட்னின் ஹாப்கின்ஸ் ஆகியோரோ பெரும்பாலும் ஒரே தாழ்சுரத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு அதன்மேல் பாடினார்கள்.

சொல்லின் பிற்பாதியான ஸ்டைல், எழுத்தாணியைக் குறிக்கும் ஸ்டிலுஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எழுதும் கருவியின் பெயர் எழுதும் முறைக்கும், பிறகு எந்தச் செயலின் முறைக்கும் ஆகிவந்தது. கித்தார் என்ற சொல் கிரேக்கத்தின் கிதாராவில் தொடங்கி, அரபு, ஸ்பானியம் வழியாக நடந்து வந்து தமிழிலும் வேரூன்றிவிட்டது. அதை இனிப் பெயர்க்கத் தேவையில்லை.

பெரிய உடல் கொண்ட கித்தார்களின் பெயர்கள் தனிக்கதை. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916இல் டிட்சன் என்ற இசைக்கருவி வணிக நிறுவனத்துக்காகச் செய்த அகன்ற கித்தாருக்கு, 1906இல் கடலில் இறக்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரான ட்ரெட்நாட் சூட்டப்பட்டது. எதற்கும் அஞ்சாதது என்பது அப்பெயரின் பொருள். 1931இல் மார்ட்டின் அவ்வடிவத்தைத் தன் பெயரிலேயே விற்கத் தொடங்கியது. அதன் அடிப்பகுதியின் அகலம் ஏறத்தாழ 15.6 அங்குலம், அதே நிறுவனத்தின் 0 எனப்படும் சிறிய அளவுக் கித்தாருக்கு 13.5 அங்குலம்தான். 1930களின் இறுதியில் கிப்ஸன் என்ற மற்றொரு நிறுவனம் வெளியிட்ட ஜம்போ வகையான ஜே-200 கித்தாரோ 17 அங்குலத்தை எட்டியது.

உடல் பெருத்தால் உள்ளிருக்கும் காற்றின் அளவு கூடி, அது இயல்பாக அதிரும் சுரம் தாழ்கிறது. எனவே தாழ்ந்த தந்திகள் முழங்குகின்றன. பாடுபவருக்குத் துணையாகத் தந்திகளை மொத்தமாக அடிக்கையில் இது வரம். விரலால் வாசிப்பவருக்கோ பெருவிரலின் முழக்கம் மெட்டை விழுங்கிவிடும் ஆபத்து உண்டு என்பதால், பலர் சிறிய கித்தாரையே பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அது அரைகுறை அறிவுரையாகவே படுகிறது. உள்ளங்கையின் அடிப்பாகத்தை, தந்திகள் அமரும் கட்டையான குதிரையின் ஓரத்தில் மெல்லப் பதித்துத் தாழ்தந்திகளின் நீட்சியை அடக்கினால், அந்த முழக்கமே மத்தளம்போல் தாளத்தை எடுத்துக்கொடுக்கும். சிறு வயதிலேயே பார்வை இழந்த ப்ளூஸ் கலைஞர் ரெவரெண்ட் கேரி டேவிஸ் பெருவிரல், சுட்டுவிரல் என இரண்டை மட்டுமே கொண்டு ஜே-200 கித்தாரில் வாசித்த பதிவுகளைக் கேட்டவர்கள், பெரிய உடல் விரலுக்கு ஒத்துவராது என்று சொல்லமாட்டார்கள்.

இனித் தமிழ்ச்சொல். பெங்களூரில் அல்சூரிலும் ஃபிரேசர் டவுனிலும் கித்தார் கற்கும் தமிழர்கள் ஃபிங்கர்ஸ்டைல் என்றேதான் சொல்கிறார்கள். விரல்பாணி என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். பழந்தமிழ் இசை வழக்கில் பாணி தாளத்தைக் குறிப்பதால் குழப்பமே மிஞ்சும். வீணைக்கு நாம் வழங்கும் மீட்டு என்ற வினையே இங்கும் பொருந்துவது. கன்னடத்திலும் தந்தியை விரலால் ஒலிப்பதற்கு மீட்டு என்பதன் உறவுச்சொல்லே வழங்குவதால், பெங்களூர் வகுப்பில் தமிழ் ஆசிரியர் விரல்மீட்டல் என்றால் பக்கத்தில் அமர்ந்திருக்கும் கன்னட மாணவருக்கும் பாதி விளங்கிவிடும்.

இந்த ‘தல்’, ‘டல்’ ஈறுகளுக்கு முன்மாதிரியும் உண்டு. சிலப்பதிகாரத்தின் கானல்வரி யாழ் வாசிப்பின் எட்டுக் கரணங்களை, அதாவது விரல்களின் தொழில்களை, வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என அடுக்குகிறது. வார்தல் சுட்டுவிரலின் தொழில் என்றும், வடித்தல் சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிச் செய்வது என்றும் உரை விளக்குகிறது. கேரி டேவிஸின் இருவிரல் வாசிப்பை வடித்தல் என்றே அழைத்துவிடலாமா என்ற ஆசை எழுகிறது. ஆனால் உரை சொல்வது நரம்பை ஆராயும் தொழிலை என்பதால், அந்த ஆசையை ஓரமாக வைத்துவிட்டு இருவிரல் மீட்டல் என்பதே முறை.

கித்தாரின் அளவுக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. பேரியாழ், சீறியாழ் என்று பகுத்த மொழியில் அகன்ற உடலுடையதைப் பெருங்கித்தார் என்றும் ஒடுங்கியதைச் சிறுகித்தார் என்றும் சொல்வது இயல்பாகவே வரும். ட்ரெட்நாட், ஜம்போ ஆகியவை குறிப்பிட்ட வடிவங்களின் பெயர்கள். அவற்றைப் பெயர்த்தால் கடையில் கேட்டு வாங்க முடியாது. ப்ளூஸும் ராகப்பெயர்போல அப்படியே நிற்கட்டும். ஆக, முழுத்தொடர் இப்படி அமையும்: பெருங்கித்தாரில் விரல்மீட்டல் முறையில் ப்ளூஸ் வாசிப்பு.