தாய்க்காசும் பிள்ளைக்காசும்

சியோலில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிய காசைப் படமெடுத்து அனுப்பி, "இது அசலா? எப்படித் தெரிந்துகொள்வது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நடுவில் சதுரத் துளை, அதைச் சுற்றி நான்கு எழுத்து. இந்தக் காசின் பெயர் சாங்பியோங் தோங்போ. ஜோசன் வம்சம் கொரியாவை ஆண்டபோது 1633-இல் முதலில் வார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. சுக்ஜோங் மன்னர் 1678-இல் மறுபடி தொடங்கிவைத்தார், 19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை புழங்கியது. ஒரே இடத்தில் வார்க்கப்பட்டதல்ல. கருவூலம், படைப்பிரிவுகள், மாகாண நிர்வாகங்கள் எனப் பலரும் வார்த்தார்கள். பின்புறம் திருப்பினால் வார்த்த அலுவலகத்தின் எழுத்து இருக்கும். சிலவற்றில் அதோடு ஓர் எண், ஒரு புள்ளி, ஒரு பிறை. இப்படி வகைகள் ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கின்றன. சேகரிப்பவர்களை இழுப்பதும் அதுதான்.

சரி, அசலா போலியா? மிகச் சிறிய நீளத்தையும் அளக்கும் வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய நாணயம் அச்சில் அடிப்பது. இது மணலில் ஊற்றி வார்ப்பது. முதலில் கவனமாகச் செதுக்கி இழைத்த தாய்க்காசுகள் தயாராகும். அவற்றை நுண்மணல் நிரப்பிய இரண்டு சட்டங்களுக்கு நடுவே அழுத்தி எடுத்தால் பதிவு விழும். பதிவுகளை இணைக்கக் கால்வாய் கீறி, உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் மணலை உடைத்தால், கறிவேப்பிலை ஈர்க்கு போல நடுத்தண்டின் இருபுறமும் காசுகள் நிற்கும். ஒவ்வொன்றாக வெட்டி, சதுரக் கம்பியில் கோத்து, விளிம்பை மொத்தமாக அரம் போடுவார்கள். துளை சதுரமாக இருப்பதால் காசு கம்பியில் சுழலாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் உலோகம் ஆறும் அந்தச் சில நிமிடங்கள். திரவம் திடமாகும்போது ஒருமுறை சுருங்கும். அந்தக் குறையைக் கால்வாயில் இன்னும் உருகிய நிலையில் இருக்கும் உலோகம் ஓடிவந்து நிரப்பிவிடும். ஆனால் முழுதும் திடமான பிறகு ஊட்ட யாரும் இல்லை. ஏறத்தாழ 900 டிகிரியிலிருந்து அறை வெப்பநிலைக்கு இறங்கும்வரை காசு தானாகச் சுருங்கிக்கொண்டே வரும். செம்புக் கலவைகள் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 18 பங்கு சுருங்கும். பெருக்கிப் பாருங்கள், ஒன்றரை சதவீதம் வருகிறது. 25 மில்லிமீட்டர் அகலத்துக்கு 0.4 மில்லிமீட்டர்.

அதாவது பிள்ளைக்காசு எப்போதும் தாய்க்காசைவிடச் சிறியது. போலி செய்பவரிடம் தாய்க்காசு கிடையாது. சந்தையில் கிடைத்த பிள்ளைக்காசைத்தான் மணலில் அழுத்துகிறார். அவர் வார்ப்பது பேரக்காசு. இன்னொரு 0.4 போய்விடும், எழுத்தின் ஓரமும் மழுங்கிவிடும்.

விளிம்பை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள், அரம் போட்டதில் அது முன்பின்னாக இருக்கும். அரம் தொடாத இடத்தை அளக்க வேண்டும்: வெளி வளையத்தின் உள்ஓரத்திலிருந்து எதிர்ப்பக்க உள்ஓரம் வரை. அதே வகையைச் சேர்ந்த நம்பகமான காசோடு ஒப்பிட்டால், ஒரு தலைமுறை கூடுதலாகச் சுருங்கியிருந்தால் தெரிந்துவிடும். புதிதாக அச்சு செதுக்கிச் செய்த போலி மட்டும் இதில் தப்பிக்கும். அதற்கு எழுத்தின் வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும்.

போலி வார்ப்பு பழைய கதைதான். 1866-இல், மன்னர் கோஜோங்கின் சார்பில் ஆட்சி நடத்திய அவர் தந்தை தேவொங்குன், சியோலின் கியோங்போக் அரண்மனையை மறுபடி கட்டும் செலவுக்காக நூறு காசு மதிப்பென்று ஒரு பெரிய காசை வெளியிட்டார். அதிலிருந்த உலோகம் ஐந்தாறு காசுக்குத்தான் பெறும். திருட்டு வார்ப்பும் விலைவாசியும் சேர்ந்து ஏற, சில மாதங்களில் வார்ப்பை நிறுத்த வேண்டியதாயிற்று.

நம் ஊர்க் கடைகளில் சிவப்பு நூலில் கட்டி, 'அதிர்ஷ்டக் காசு' என்று விற்கும் சதுரத் துளைக் காசுகளையும் பலர் பழையவை என்று நம்பி வாங்குகிறார்கள். பெரும்பாலும் அவை இப்போது செய்தவை. அதிர்ஷ்டத்துக்காக யாரும் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பணத்துக்கு ஒரு காலிப்பர் வாங்கலாம். அருங்காட்சியகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காசின் படத்தோடு உள்வளைய அளவையும் எடையையும் வெளியிடுங்கள். பெரிய நிதி எதுவும் வேண்டாம், ஒரு மாணவரின் கோடை விடுமுறை போதும்.